வக்காலத்தில் இல்லாத பெயர்

சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயர் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குகள் குவிந்தன. நான் அப்போது ஜூனியர் வக்கீல். மனு எழுதுவதும் வாதாடுவதும் நான்தான். ஆனால் வழக்கை நடத்தும் வக்கீல் யார் என்று கோர்ட்டில் பதிவாகும் வக்காலத்தில் சீனியர் மட்டுமே கையெழுத்திடுவார். "நீ நம்ம வீட்டுப் பொண்ணு, உனக்கெதுக்கும்மா தனியா பேரு?" என்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

கணவர் இறந்த பிறகு, மகளின் படிப்புக்காகத் துபாயில் ஒரு சட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் நன்றாகவே போனது. கடைசியில், நான் நடத்திய வழக்குகளுக்கு ஆதாரம் கேட்டார்கள். கோர்ட் கிளார்க் பழைய கட்டுகளைப் புரட்டிவிட்டு, "மேடம், நீங்க வாதாடினது எனக்குத் தெரியும். மகர் ரெக்கார்டுல உங்க பேரு நஹி ஹை" என்று, எதிலும் என் பெயர் இல்லை என்பதை இந்தி கலந்த தமிழில் சொன்னார்.

சீனியரிடம் ஒரு சான்று வாங்கலாம் என்று மரைன் ஹில்லில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். பக்கவாதம் வந்தபின் வீட்டோடு இருந்தவர், புதிதாக வந்த கட்சிக்காரரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. என்ன கேஸு?" என்றார்.

துபாய் வேலை கிடைக்காமல் போய்விட்டது. இப்போது என் ஜூனியர் பெண்ணை ஒவ்வொரு வக்காலத்திலும் என்னோடு கையெழுத்திட வைக்கிறேன். "எதுக்கு மேடம், நான் எங்க போகப்போறேன்?" என்று சிரிக்கிறாள். எங்கும் போக முடியாத ஒருத்தியிடம்தான் அதைக் கேட்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.