ஊசி போடாத நர்ஸம்மா

எங்கள் ஊருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று எட்டு மனு எழுதியவள் நான். வந்த நர்ஸை மாற்றிவிடுங்கள் என்று ஒன்பதாவது மனு எழுதியவளும் நான்தான். இதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் கம்பெனிகள். காரும் செய்கிறார்கள், கார் கண்ணாடியும் செய்கிறார்கள், ஆனால் காய்ச்சல் என்றால் நாங்கள் படப்பைக்குத்தான் ஷேர் ஆட்டோ ஏற வேண்டும். ஊரில் துணை சுகாதார நிலையம் இருந்தது, பூட்டும் இருந்தது. தடுப்பூசி நாளில் பக்கத்து ஊர் நர்ஸ் வந்து திறப்பார், குழந்தைகளுக்குப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். மற்ற நாளெல்லாம் மெடிக்கல் கடைக்காரர்தான் எங்களுக்கு டாக்டர். "ஒரு செட்டு குடுங்க" என்றால் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அதை விழுங்கிவிட்டு எல்லோரும் ஷிப்டுக்கு ஓடுவார்கள். லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடுமே.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒவ்வொரு கிராம சபைக்கும் ஒரு மனுவோடு போய் நிற்பேன். என் வீட்டுக்காரர் பேசாத மனிதர், வீட்டுக்குள் மட்டும் கிண்டல் வரும். "இன்னாமே, இந்த வாட்டியும் கத எழுதிகினு கிளம்பிட்டியா?" என்பார். நான் காதில் வாங்கமாட்டேன்.

எட்டாவது மனுவுக்கு அப்புறம் ஒருநாள் அந்தப் பூட்டு திறந்தது. உள்ளே கொடி மாதிரி ஒரு பெண் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். நர்சிங் படித்து, அதற்கு மேலும் பயிற்சி முடித்து, டாக்டர் இல்லாத இடத்தில் தானே பார்த்து மருந்து கொடுக்கத் தகுதி பெற்று வந்திருந்தார். குடியிருக்க ரூம் கேட்டு நான்தான் தெருத்தெருவாக அலைந்தேன். கம்பெனிப் பையன்களுக்கு விட்டால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம் என்று கணக்குப் போட்ட ஒரு வீட்டுக்காரியைத் திட்டித்தான் மாடி ரூமை வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ஊரே என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

அந்த நிமிர்வு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

எங்கள் ஊரில் வைத்தியம் என்றால் ஊசி. போட்டால்தான் நல்ல நர்ஸ், கை வலித்தால் ரொம்ப நல்ல நர்ஸ். முதல் நாளே ஜாக்கெட் கையைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவரோ ஒருத்தருக்கும் போடவில்லை. பிரஷர் பார்த்தார், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள் என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். இடுப்பு வலி என்று போனவளிடம் குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பத்துக் கேள்வி. நாலே நாளில் 'ஊசி போடாத நர்ஸம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் என்னைப் பார்த்ததும், "நீ கூட்டியாந்த நர்ஸு ஊசியே வாங்கியார்லியா?" என்று சிரித்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"ஏம்மா, சும்மா ஒரு சத்து ஊசியாவது போட்டு அனுப்பேன். உனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"எனக்கு ஒண்ணும் குறையாதுக்கா. அவியளுக்கும் ஒண்ணும் கூடாது. தேவைன்னா போடுதேன்" என்றார், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். பிறகு தூக்கி, "உங்க வீட்ல அண்ணாச்சிக்கு சுகர் இருக்குன்னு சொன்னாங்களே. ஏன் இன்னும் வரல?" என்று கேட்டார்.

"அவரு ஷிப்ட்டுக்குப் போறாரும்மா. ஊசி போடாத எடத்துக்கு லீவு போட்டுகினு வருவாரா?"

"அவிய வரலைன்னா நான் வாரேன்."

வீட்டுக்கு வந்து ஒன்பதாவது மனுவை எழுதினேன். ஊசி போடுகிற நர்ஸாக மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒரே சாயங்காலத்தில் நாற்பது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். இனி கிராம சபையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுத்தால் அந்தப் பெண் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கிராம சபைக்கு மூன்று நாள் முன்பு, கம்பெனி பஸ் வந்து நிற்கிற கூட்ரோட்டுக்கு நர்ஸம்மா போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். சண்டைக்குத்தான் போனேன். மதியம் மூன்றரை இருக்கும், ஏ ஷிப்ட் முடிந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் சுகர் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றவர்களை மதகுச் சுவரில் உட்காரவைத்து, "ஷூவைக் கழட்டுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். லேத் மெஷினில் நின்று இரும்பு கடைகிற வேலை அவருக்கு, இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ காலை விட்டுப் போவதே இல்லை. ஆறு வருஷமாக சுகர் மாத்திரை, அதுவும் அதே மெடிக்கல் கடையில், அதே சீட்டைக் காட்டி. "பொம்பளப் புள்ள நீ, என் காலத் தொடக் கூடாதும்மா" என்று பின்னால் நகர்ந்தார்.

"நான் பிள்ளையும் இல்ல, நீங்க சாமியும் இல்ல. உக்காருங்க அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார். நர்ஸம்மா தரையில் குந்தி, அவர் காலை மடியில் வைத்துக்கொண்டார். சின்னப் பிடியில் செருகிய, தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய ஒரு நைலான் நரம்பை எடுத்தார். "கண்ணை மூடுங்க. நான் தொட்டதும் சொல்லணும்."

அவர் கண்ணை மூடினார். நரம்பு கட்டைவிரலில் பட்டு வளைந்தது. குதிகாலில் பட்டது. நடுப் பாதத்தில் பட்டது. மதகில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னும் தொடலியேம்மா" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணை மூடியபடியே, ரொம்பப் பொறுமையாக.

நர்ஸம்மா அந்தக் காலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுண்டுவிரலுக்குக் கீழே வீங்கியிருந்தது. அதன் நடுவில் இரும்புத் துணுக்கு ஒன்று பாதி புதைந்து, சுற்றிலும் சீழ். எத்தனை நாளாக அதன் மேல் நின்று வேலை பார்த்தாரோ. சாக்ஸில் இருந்த பழுப்புக் கறையை மெஷின் ஆயில் என்று திட்டித் திட்டித் துவைத்தவள் நான்.

நர்ஸம்மா அதைப் பிடுங்கவில்லை. மேலே துணி வைத்துக் கட்டி, படப்பை ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு, அங்கேயே ஆட்டோ பிடித்தார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். திரும்பி வருகிற வழியில் நர்ஸம்மாவிடம், உன்னை மாற்றச் சொல்லி மனு எழுதியது நான்தான் என்று சொன்னேன். "தெரியும்க்கா. என் ஹவுஸ் ஓனரும் கையெழுத்துப் போட்டிருக்காங்கல்லா" என்று சிரித்தார்.

ஒன்பதாவது மனுவை அடுப்பில் போட்டேன். வீடு வீடாகப் போய்ப் பத்தாவது மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டேன். "நேத்து மாத்துன்னே, இன்னிக்கு இன்னா?" என்று கேட்டவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டுப்போட்ட காலைக் காட்டினேன். கையெழுத்து வந்தது.

கிராம சபையில் அதிகாரி அந்தப் பத்தாவது மனுவைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். கூட்ரோட்டில் ஒரு சிமெண்டு பெஞ்சும் ஒரு தண்ணீர்க் குழாயும் வேண்டும் என்று கேட்டிருந்தோம்.

"கம்பெனி பஸ் ஏற அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டீங்களா? பெஞ்சு எதுக்கும்மா?"

பதில் சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. என் வீட்டுக்காரர் நல்ல காலை ஊன்றி, கட்டுப்போட்ட காலை ஜாக்கிரதையாக வைத்து எழுந்து நின்றார்.

"காலைக் காட்றதுக்கு சார். ஷிப்ட் முட்சி வர்றவங்க காலை எங்க நர்ஸம்மா மண்ணுல குந்திகினு பாக்கறாங்க. அவங்க அப்பிடி குந்தக் கூடாது."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.