முதல் தூறலிலேயே வாய் திறக்கும் சங்கிலி

என் பெரியம்மாவை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மழைக்காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்திரங்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அவள் முதல் தூறலைப் பிடித்துவிடுவாள். “வருது, எந்திரிங்க” என்பாள். மற்றப் பெண்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொள்வதற்குள், அவள் பின்முற்றத்தில் முதல் கொடியை உருவ ஆரம்பித்திருப்பாள்.

இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. அவளுடைய மடிப்பு மேசைக்கு அருகே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கூரை வடிகாலின் தகரம் ஓரிடத்தில் இற்றுப்போயிருந்தது. அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய இரும்புத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். நாலு சொட்டு விழுந்தால் போதும், தொட்டி காட்டிக்கொடுத்துவிடும். மேஸ்திரி அந்த ஓட்டையை அடைக்க ஆள் கூட்டிவந்தபோதெல்லாம் ஏதாவது கதை அளந்து திருப்பி அனுப்பிவிடுவாள். கடைசிவரை அவருக்கு விஷயம் தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். அம்மா வேலை முடிந்து வரும்வரை எனக்குப் பெரியம்மாதான் கதி. மழை நாளென்றால் எனக்குக் கொண்டாட்டம். அத்தனை கொடிகளும் ஒரே மூச்சில் காலியாகும். பெண்கள் விரிப்புகளைத் தோளிலும் தலையிலும் சுமந்துகொண்டு, ஒருவரையொருவர் இடித்துத் திட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். பிறகு பாதி காய்ந்த துணிக் குவியலின்மேல் எல்லாரும் சாய்ந்துகொள்வார்கள். மழை விடும்வரை வேலை இல்லை. டீ வரும். யார் வீட்டு மாமியார் என்ன சொன்னாள் என்பதில் தொடங்கி ஊர்க்கதை முழுவதும் உருளும். பெரியம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அங்கேதான். அந்தச் சோப்பு வாசனையும் இளஞ்சூடும் இப்போது எங்கே போனாலும் எனக்குக் கிடைப்பதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பெரியம்மா மகனுடைய புது வீட்டுக்குப் போனாள். அண்ணன் வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தான். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்கூடச் சுவருக்குள்ளே போனது. துணி துவைப்பதும் உலர்த்துவதும் எந்திரம். உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

ஒருநாள் மதியத் தூக்கம் கலைந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தெரு முழுக்கத் தண்ணீர். மழை வந்து, கொட்டி, விட்டும் போயிருந்தது. அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தாள்.

“மழை பெஞ்சிருக்குடி. எனக்குத் தெரியவே இல்ல.”

“தூங்கிட்டு இருந்திருப்பீங்க பெரியம்மா.”

“தூக்கத்துல எனக்குத் தெரியாம மழை பெஞ்சதே கிடையாது. நான் போயிட்டேன்னு நினைச்சு, என்கிட்ட சொல்லாம வந்துட்டுப் போற மாதிரி இருக்கு.”

அண்ணன் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். காது பழுதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே அண்ணன் அவள் போனில் எதையோ ஏற்றிக்கொடுத்து, “மழை வர்றதுக்கு முன்னாடியே இது சொல்லிடும்மா, கவலைய விடு” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்த முட்டாள் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவளிடம் பாட்டு நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று சொல்வானாம்.

அண்ணிக்குத்தான் விஷயம் புரிந்தது. வடிகால் முனையிலிருந்து குழாய்க்குப் பதிலாகத் தொங்கவிடும் மழைச்சங்கிலி ஒன்றைக் கடையில் பார்த்திருக்கிறாள். அழகுக்கு அழகும் ஆச்சு, அத்தை ஜன்னலோரம் மாட்டினால் சத்தத்துக்குச் சத்தமும் ஆச்சு என்றாள். பெரியம்மா, அண்ணி, நான் என மூன்று பேரும் கிளம்பினோம்.

கடைக்காரர் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். பூப்பூவாகக் கோத்த கிண்ணங்கள், வெறும் வளையங்கள், மீன்கள், மணிகள். அண்ணி பூக்கிண்ணத்தைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தாள். வாசல் கேட்டின் நிறத்துக்கு அது அச்சாகப் பொருந்துமாம். பெரியம்மா எதையும் பார்க்கவில்லை.

“தண்ணி ஊத்திக் காட்டுங்க தம்பி.”

“கடைக்குள்ளேயாம்மா?”

“மழைக்கு வாங்குறத மழையில தானே பாக்கணும்?”

அவர் தலையெழுத்தே என்று ஒரு வாளியும் சொம்பும் கொண்டுவந்தார். பெரியம்மா சங்கிலிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். அவர் சொம்பைச் சாய்த்து மொத்தமாக ஊற்றினார். எல்லாச் சங்கிலிகளும் சளசளத்தன.

“கொட்டுற மழைக்கு எல்லாந்தான் சத்தம் போடும். விரலால தெளிங்க. முதல் தூறல்ல எது வாயத் திறக்குதுன்னு தெரியணும்.”

பூக்கிண்ணம் தூறலை அப்படியே விழுங்கிக்கொண்டு கம்மென்று இருந்தது. வளையம் ஏதோ முணுமுணுத்தது. மணிச் சங்கிலி கலகலவென்று பேசியது. கடைக்காரர் முகம் மலர்ந்தது.

“இதுதாம்மா நல்லாப் போகுது.”

பெரியம்மா மின்விசிறியைக் கைகாட்டினாள். “அதைப் போடுங்க.” போட்டார். மணிகள் மறுபடியும் கலகலத்தன.

“காத்துக்கும் கத்துது பாருங்க. இதை நம்பி எழுந்து ஓடுனா, மொத்தத் துணியையும் உள்ள அள்ளிட்டு வந்து, திரும்பவும் கொண்டுபோய் உணத்தணும். பொய் சொல்றது எனக்கு ஆகாது.”

எந்தத் துணி என்று நான் கேட்கவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள். அவளும் கேட்கவில்லை.

கடைசியில் மூலையில் கிடந்த ஒன்று தேறியது. தாளிக்கிற கரண்டிகளைக் கோத்த மாதிரி, மெல்லிய தகட்டில் சின்னச் சின்னக் குழிகள். பார்க்கச் சகிக்காது. விரலால் தெளித்த முதல் சொட்டுக்கே ‘டிக்’ என்றது. பெரியம்மா திரும்பினாள். “இவதான்” என்றாள். கேட்டின் நிறம் அண்ணியின் மனக்கண்ணில் வந்துபோயிருக்கும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

சங்கிலியைக் கூரை விளிம்பில் மாட்டி, பெரியம்மா பக்கத்து ஜன்னலின் கண்ணாடியைத் திறந்தே வைத்தாள். அதன்பிறகு மழை வரவே இல்லை. வானம் பழிவாங்குவதாகப் பெரியம்மா திட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறன்று, நான் அங்கே போயிருந்தபோது, நாங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. பெரியம்மாவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“வருது, எந்திரிங்க” என்றாள்.

மூட்டுவலிக்காரி எழுந்து ஓடுகிறாள். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடுகிறாள். நானும் அண்ணியும் பின்னாலேயே ஓடினோம். பின்முற்றத்தின் நடுவில், துணி அள்ளுவதற்காக இரண்டு கையையும் உயர நீட்டியபடி நின்றிருந்தாள். அங்கே துணி இல்லை. கொடிகூட இல்லை. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை மட்டும்.

கைகள் மெல்ல இறங்கின. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆசைப்பட்டதை வாங்கிக்கொடுத்து அவளை இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்று இருந்தது. தூறல் வலுத்து மழையானது. அண்ணி குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“உள்ள வாங்க அத்தை, நனையுறீங்க.”

பெரியம்மா தன் வெறும் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து வழிந்தது.

“மழை இப்படியா இருக்கும்?” என்றாள். “வர்றது தெரிஞ்ச உடனே ஓடி ஓடி உள்ள போயிருக்கேன். ஒரு தடவகூட நின்னு பாத்ததில்லடி.”

பிறகு அண்ணியின் கையிலிருந்த குடையை வாங்கி, மடக்கி, என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.