கொட்டாமல் வைத்த பதினேழு நட்சத்திரங்கள்

இந்த ஜெர்மன் ஊரில் பதினொன்றரை மணி ஆகிவிட்டால், ஆராய்ச்சி நிலையத்து நடைவழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "மால்சைட்" என்பார்கள். சாப்பாட்டு நேரம் என்று பொருள். நம்மூர் "சாப்பிட்டாச்சா?" போலத்தான் என்று நினைத்து, முதல் மாதம் முழுக்க நின்று பதில் சொன்னேன்: இன்னும் இல்லை, காலையில் உப்புமா, மதியத்துக்குப் புளிச்சோறு, உங்களுக்கு? பாவம், கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள். அது வெறும் வணக்கம் என்று தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. கேட்டால் கேட்கட்டும்.

இங்கே என் வேலை, துடிக்கும் நட்சத்திரங்களைப் பார்ப்பது. ஆர்.ஆர். லைரே என்கிற கிழட்டு வகை. ஏறத்தாழ அரை நாளுக்கு ஒருமுறை உப்பிச் சுருங்கும். ஒளி கூடிக் குறையும். அந்த வகையின் உண்மையான ஒளி எவ்வளவு என்பது தெரியும். அதனால் நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். பால்வீதி உருவான காலத்திலிருந்தே இருப்பவை. அவை எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று குறித்துக்கொண்டே போனால், பால்வீதி எப்படிச் சேர்ந்தது என்பது மெல்லப் பிடிபடும்.

என் பட்டியலில் பதினேழு நட்சத்திரங்கள் ஒழுங்காகத் துடிக்கவில்லை. ஒரு வாரம் பளிச்சென்று ஏறும், சில வாரம் கழித்துச் சோர்ந்து ஏறும். கணினி அவற்றைத் தவறான தரவு என்று ஒதுக்கியது. என் குழுத்தலைவர் யூர்கன் நல்ல மனிதர்தான், அவசரக்காரர். "எடுத்துவிடு, இந்த வாரமே கட்டுரையை அனுப்பிவிடலாம்" என்றார். மாட்டேன் என்றேன்.

கல்லூரி விடுமுறைகளில் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் செக்கிங் பார்த்தவள் நான். ஓர் ஐப்பசி அடைமழையில், உரசிப் பார்த்த குச்சி ஒன்றுகூடப் பற்றவில்லை. கழிவு என்று மொத்தத்தையும் கொட்டப் போனேன். என் வயதுக்காரி செல்வி, பக்கத்தில் இருந்தவள், கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, குச்சி மேல என்ன குத்தம்? மழைக்கு மருந்து வேர்த்திருக்கு. வெயில்ல காயப்போட்டுப் பாரு, பொறவு கொட்டு."

வெயில் வந்ததும் பாதிக்கு மேல் பற்றின. கொட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பார்ப்பது அன்றிலிருந்து எனக்குக் கைப்பழக்கம்.

யூர்கன் ஆறு வாரம் கொடுத்தார்; அதற்குள் நிரூபிக்காவிட்டால் பதினேழும் போய்விடும். பல வருடத்துப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தேன். அந்தச் சோர்வும் ஏற்றமும்கூட ஒரு கணக்கில்தான் திரும்பத் திரும்ப வந்தன. நட்சத்திரங்களிடம் குறையில்லை, நாம் பார்த்த நாட்கள்தான் போதவில்லை. தூரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, இன்னொரு தடவை சரிபார்த்தேன். பெரும்பாலானவை கூட்டமாக, பால்வீதி சுழலும் திசைக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தன. எப்போதோ பால்வீதி விழுங்கிய ஒரு சிறு நட்சத்திர மண்டலத்தின் மிச்சங்கள் அவை.

செல்விக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் வெளங்கல. ஆனா கொட்டலேல்லா? அது போதும்" என்றாள்.

யூர்கன் மகிழ்ந்துபோனார். "உன்னைப் போலவே, வெளியிலிருந்து வந்தவை!" என்று சிரித்தார். அன்பாகத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்றது.

"இல்லை, இவற்றின் வீட்டைப் பால்வீதி விழுங்கிவிட்டது. என்னை யாரும் விழுங்கவில்லை. டிக்கெட் எடுத்து வந்தேன். என் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது."

கட்டுரையில் இரண்டாவது முகவரியாகக் கோவில்பட்டியைப் போட்டேன். "அங்கே ஆராய்ச்சி நிலையம் எதுவும் இல்லையே?" என்று யூர்கன் கேட்டார். "வீடு இருக்கிறது" என்றேன். அச்சில் என் பெயரின் தலைமேல், முகவரிகளைக் காட்டும் இரண்டு சிறிய எண்கள். ஒன்று இந்த ஊர், இரண்டு கோவில்பட்டி. நடுவில் ஒரு கால்புள்ளி. அதை எடுக்க யாரையும் நான் விடவில்லை.