பியானோவுக்குப் பக்கம் திருப்பிய கதை

நாற்பதைத் தாண்டிய பிறகு, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் என் மனைவி பியானோ படிக்கப் போனார். மாணவர் கச்சேரியில் வாசிக்க அவர் தேர்ந்தெடுத்தது, இதே ஊரில் பிறந்து, பியானோவால் ஐரோப்பாவைக் கலக்கி, சொந்தமாக இசையும் எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்மணி ஒருவரின் படைப்பை. எட்டுப் பிள்ளை பெற்றவர். கணவரும் இசையமைப்பாளர். அவர் எழுதும் நேரத்தில் இவர் வாசிக்கக் கூடாதாம்.

"பாத்தீங்களே, அந்தக் காலத்திலையும் உங்களைப்போல ஒருத்தர் இருந்திருக்கிறார்" என்றார் மனைவி. நான் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்ப்பதற்காக அவருடைய கீபோர்டுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த மனிதர் வீட்டை அமைதியாக்கி அழியாத இசை எழுதினார். நான் ஸ்கோர் பார்த்தேன். ஒப்பிட்டால் அவமானம் அந்த மனிதருக்குத்தான்.

நன்றாக வாசித்தால் வசந்த காலத்தில் பெரிய மண்டபத்தில் இடம் தருவதாக ஆசிரியை சொல்லியிருந்தார். மனைவிக்கு அதே நினைப்பு. பக்கம் திருப்ப ஆள் தேவைப்பட்டது. எனக்கு இசைக்குறிப்பு என்பது எறும்பு ஊர்வலம், ஆனாலும் முன்வந்தேன்.

"இஞ்சேருங்கோ, நான் தலையாட்டினா திருப்புங்கோ. வேற ஒண்டும் யோசிக்காதேங்கோ."

"ஓம்" என்றேன். யோசிக்காமல் இருப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

வீட்டு ஒத்திகை பிசகில்லாமல் நடந்தது. மேடையில் இருந்ததோ நிஜப் பியானோ. முதல் வரியிலேயே அதன் நாதம் மனைவியைப் பிடித்துக்கொண்டது. கீபோர்டின் முன் கட்டையாக நின்ற கழுத்து இளகியது. நல்ல சங்கதி காதில் விழுந்தால் நம் சனத்தின் தலை சும்மா இருக்குமா? ஆடியது. நான் எழுந்து திருப்பினேன்.

அவருடைய இடக்கை பறந்து வந்து தாளைப் பழைய இடத்துக்கு இழுத்தது. அதுவரை வலக்கை தனியாகக் குடும்பம் நடத்தியது. மறுபடி தலை ஆடியது. திருப்பினேன். இழுத்தார். முன்வரிசையில் ஒருவர் இருமினார். அடுத்த முறை நான் உஷார்: இது ரசனை, நம்பக் கூடாது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதுதான் உண்மையான தலையாட்டல்.

இசை நின்றது. "இப்ப திருப்புங்கோவன்!" என்ற குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பதறித் திருப்பியதில் தாள்கள் மொத்தமாகக் கீழே பறந்தன. நான் பியானோவுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கத் தொடங்கினேன்.

தலைக்கு மேலே இசை மறுபடி தொடங்கியது. எட்டிப் பார்த்தேன். தாள் வைக்கும் தாங்கி வெறுமையாக இருந்தது. மனைவி கண்ணை மூடியபடி, தலை தன் விருப்பத்துக்கு ஆட, கடைசி வரை வாசித்து முடித்தார். அவ்வளவு மனப்பாடமாக இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. கைதட்டல் வந்தபோதும் நான் முழங்காலில்தான் இருந்தேன்.

"வசந்தத்துக்கு உங்கள் இடம் உறுதி" என்றார் ஆசிரியை ஜெர்மனில். "ஆனால் இன்றுபோலவே, தாள் இல்லாமல். இதை எழுதிய பெண்மணியும் அப்படி வாசித்தவர்தான். அந்தக் காலத்தில் அதைத் திமிர் என்றுகூடச் சொன்னார்கள்."

மனைவி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "திமிரோ? அவவின்ர மனுசன் பக்கம் திருப்ப வந்து நிண்டிருப்பார்."

என்ன சொல்கிறார் என்று ஆசிரியை என்னிடம் கேட்டார்.

"கணவருக்கு நன்றி சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.