நீலம் பாய்ந்த தகடுகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அம்மா. அம்மா போய் இரண்டு வருடமாகிறது.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. சிறிய சிலிக்கன் தகடுகளைக் கழுவி, சுழலும் மேடையில் வைத்து, ஒரு சொட்டு பிளாஸ்டிக் கரைசலை விடவேண்டும். மேடை சுற்றுகிற சுற்றில் சொட்டு பரந்து, கண்ணுக்கே தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடேற்றி, படலம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

போன மழைக்காலத்தில் படலங்கள் நிற்கவில்லை. சூடு பட்டதும் பொத்தல் விழுந்து, துளித்துளியாகச் சுருண்டன. மூன்று வாரமாக இதே கதை. கழுவியதில்தான் குறை என்று முடிவாகிவிட்டது; கழுவுகிறவள் ஒருத்திதானே. அவளைவிடப் பத்து வயது இளையவளான பேராசிரியை குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க அக்கா. கை முன்ன மாதிரி இல்லபோல. கொஞ்ச நாள் ஸ்டோர் ரூமைப் பாத்துக்கோங்க."

அக்கா ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கினாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுக்கமில்லை. இருந்தாலும் சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டது. வீட்டில் டம்ளரைக் கழுவினால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்ல அங்கே ஆளில்லை.

ஐந்தாம் நாள், அலமாரிக்குப் பின்னால் பழைய தகட்டுப் பெட்டி ஒன்று அகப்பட்டது. அதில் ஒன்றையும் புதுப் பெட்டியில் ஒன்றையும் ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தாள். பழையது சாம்பலாகப் பளபளத்தது. புதியதில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், இரண்டிலும் மும்மூன்று எடுத்து ஒன்றாகவே கழுவினாள். ஒரே கரைசலை விட்டாள். ஒரே சூட்டில் வைத்தாள். மைக்ராஸ்கோப்பில் சாம்பல் மூன்றும் முழுசாக இருந்தன. நீலம் மூன்றும் சல்லடை.

சாப்பிட்டுத் திரும்பிய பேராசிரியை குனிந்து பார்த்தாள். ஆறு தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு தானே விளக்கினாள்: தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் உண்டு, அது மெல்லிசாக இருந்தால் அடியிலிருக்கும் சிலிக்கனின் பிடி படலம்வரை எட்டும். புதுப் பெட்டியில் தோல் ரொம்பத் தடிமன். பிடி எட்டாமல் படலம் தானாகவே பிய்ந்துவிட்டது. பெட்டி மாறி வந்திருக்கிறது. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"மன்னிச்சிருங்க அக்கா."

"இருக்கட்டும் மேடம். எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துருச்சு. அதுதான் தாங்கல."

மறுநாளே பழைய மேசைக்கு வரச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. தம்பி வீட்டுக்கு போன் போட்டாள். தம்பி மனைவி எடுத்தாள். தகடு, நீலம், சல்லடை என்று இவள் விடாமல் சொல்லிக்கொண்டு போக, அந்தப் பக்கம் டிவி சத்தத்துக்கு நடுவே "ம்" கொட்டுவது கேட்டது.

"அப்ப வேலை போகலைல்ல அண்ணி?"

"போகல."

"அப்ப சரி."

போனை வைத்தாள். சோற்றைத் தட்டில் போட்டு, அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டு முடித்தாள்.