ஸ்வீடன் ஹொக்கி கிளப்புக்கு என்ன நட்சத்திரம்?

இன்று காலை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், அர்ச்சனை வரிசையில்...

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"ஆற்ற பேருக்கு?"

நான் ஸ்வீடனில் உள்ள ஒரு ஐஸ் ஹொக்கி கிளப்பின் பெயரைச் சொன்னேன்!

(சிரிக்காதீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.)

என் தம்பி கஜன் ஸ்வீடனின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். மரம் அரியும் ஆலை, ஒரு ஏரி, ஒரு ஹொக்கி கிளப். ஊர் அவ்வளவுதான்.

நான் படகில் இந்தப் பக்கம் வந்தேன். அவன் எப்படியோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். என் விசாவில் நான் வெளியே போக முடியாது, அவனுடைய விசாவில் அவன் இங்கே வர முடியாது. நேரில் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

ஆட்ட இடைவேளையில் ஐஸைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுவதும், வீரர்களின் ஸ்கேட்டைத் தீட்டிக் கொடுப்பதும் அவன் வேலை. (பருத்தித்துறை வெயிலில் வளர்ந்தவன்!)

போன கிழமை ஃபோனில் சொன்னான்.

"அக்கா, இந்த மட்ச் தோத்தா நாங்கள் கீழ் லீக்குக்குப் போயிடுவம். கீழ போனா ஆக்களைக் குறைப்பினமாம். மேனேஜர் நேரவே சொல்லிப்போட்டார்."

"உன்னையுமோ?"

"கடைசியா வந்து சேர்ந்தவன் நான்தானே."

அந்த வேலையில்தான் அவனுடைய விசா நிற்கிறது. இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், மற்ற நேரமெல்லாம் அந்தக் கிளப்பின் சரித்திரத்தைத் தேடி வாசித்தேன். (ஸ்வீடிஷ் தெரியாது. மகள் அபி ஃபோனில் மொழிபெயர்த்துத் தந்தாள்.)

ஆலைத் தொழிலாளிகள் உறைந்த ஏரியில் பலகை அடித்து ஆடத் தொடங்கியவர்களாம். பனி கொட்டினால் பார்க்க வந்த சனமே இறங்கி அள்ளிப் போடுமாம். ஒரே ஒரு தடவை சம்பியன். அதற்குப் பிறகு விழுவதும் ஏறுவதும்தான். ஒருமுறை கிளப்பையே மூடப் பார்த்தபோது, ஊர்ப் பெண்கள் பன் சுட்டு விற்றுக் காப்பாற்றினார்களாம்!

(எங்கள் பழைய மாணவர் சங்கம் கொத்துரொட்டி விற்பது மாதிரித்தான். அந்த இடத்தில் எனக்கு அவர்களை மிகவும் பிடித்துவிட்டது.)

தொடங்கிய தேதியும் போட்டிருந்தது. பஞ்சாங்க ஆப்பில் தட்டிப் பார்த்தேன். ரேவதி நட்சத்திரம், மீன ராசி!

கோயிலில் ஐயர் தட்டும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்.

"கிளப்புக்கோ?"

"ஓம் ஐயா. தொடங்கின நாளை வச்சு நட்சத்திரமும் பாத்தனான்."

கடைக்கும் புதுக் காருக்கும் அர்ச்சனை செய்து பழகிய மனுஷன். வேறொன்றும் கேட்காமல் செய்துவிட்டார்.

ஆட்டம் எங்கள் நேரத்துக்குக் காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. நான் கோயிலுக்குள் போகும்போது இரண்டுக்கு இரண்டு. அதனால் மேலதிக நேரம். அடுத்த கோல் யார் போட்டாலும் அத்தோடு முடிந்தது. அபி வெளிப்படியில் இருந்து ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, பேட் நியூஸ். தட் டேட் இஸ் ஃபார் த ஸ்கீயிங்!"

"என்னடி சொல்லுறாய்?"

"ஹொக்கி கேம் இயர்ஸ் லேட்டர். யூ பிரேட் ஃபார் த ஸ்கீயர்ஸ்!"

ஆட்ட இடைவெளியில் அபி தேடிப் பார்த்தாளாம்: அந்தக் கிளப் முதலில் பனிச்சறுக்குக் கழகமாகத்தான் இருந்ததாம். ஹொக்கி பிறகு வந்த பிள்ளையாம். அந்தப் பக்கத்தை நாங்கள் வாசிக்கவே இல்லை!

அங்கே உயிர் போகிற ஆட்டம் நடக்கிறது, நான் சறுக்குகிற ஆட்களுக்கு அர்ச்சனை செய்துவிட்டு நிற்கிறேன்!

இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றேன்.

"இப்ப ஆருக்கு?" என்றார் ஐயர்.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, வேலை, விசா, ஏரி, பன் உட்பட.

பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அது சரி பிள்ளை, தம்பின்ர பேருக்குச் செய்தனீங்களோ?"

இல்லை.

ஒரு கிழமையாக அந்தக் கோல்கீப்பரின் முழங்கால் வலி வரைக்கும் எனக்குத் தெரியும். சொந்தத் தம்பியின் பெயரை முருகனிடம் சொல்ல மறந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"கஜன், உத்தரட்டாதி" என்றேன். அதற்கு ஆப் தேவைப்படவில்லை.

ஐயர் பாதி மந்திரத்தில் இருக்கும்போது வெளியே அபியின் அலறல்.

"அம்மாஆஆ!"

கோயிலே திரும்பிப் பார்க்க, உள்ளே ஓடி வந்தாள். எனக்குக் கேட்கவே பயம்.

"ஆர் போட்டது? அவையோ?"

"அஸ்! நாங்கள்தான் அம்மா, அஸ்!"

(பதினான்கு வயதாகிறது, அந்தப் பிள்ளை கோயிலுக்குள் குதித்ததை இன்றுதான் பார்த்தேன். மன்னியுங்கள், முன்வரிசை அன்ரிமாரே!)

அரை மணி நேரம் கழித்து, கார் பார்க்கில் நிற்கும்போது தம்பி ஃபோன் எடுத்தான். பின்னால் சனம் பாடுகிற சத்தம்.

"அக்கா, வண்டிக்குப் பக்கத்திலதான் நிக்கிறன்."

"வேலை?"

"இருக்கு. ஒரு வருஷத்துக்கு நீட்டித் தாறம் எண்டு இப்பதான் மேனேஜர் வந்து சொல்லிப்போட்டுப் போறார்."

"பிறகு?"

"பிறகு திரும்பவும் இப்பிடித்தான் அக்கா."

"ஒரு வருஷம் காணுமடா" என்றேன்.

போதாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஃபோனை வைக்காமல் அழுதோம்.

உங்களில் யாருக்காவது இந்த வருடம் விசா நீட்டித்துக் கிடைத்ததா? எத்தனை மாதமாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள். இன்று எல்லாருக்காகவும் சந்தோஷப்படுகிற மனநிலையில் இருக்கிறேன்!