அமீர் பாட்சா பெட்டி பிரித்த கதை

கோட்டக்குப்பம் அமீர் பாட்சாவுக்கு இந்த வயதில் விண்வெளி மேல் பாசம் வந்ததற்கு அவர் மகன் ஹம்தான் அனுப்பிய பெட்டிதான் காரணம். சார்ஜாவிலிருந்து அவன் கப்பலில் போட்ட பெட்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கலாமென்று போனில் 'கார்கோ' என்று தட்டினார். போன் அவருக்கு வானத்தைக் காட்டியது. ஆளே இல்லாத ஒரு சரக்குக் கலம், பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது.

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சார்ஜாவில் ஒரு கார்கோ கம்பெனியில் காலமெல்லாம் ஊரார் பெட்டியைக் கட்டிக்கொடுத்தவர் அல்லவா? கலத்துக்குள் மூட்டைகளை வார்போட்டு இறுக்கியிருந்ததைப் பார்த்து, "கட்டு பரவால்ல, மூலையிலதான் கொஞ்சம் லூசா இருக்குது" என்று சுவரிடம் சொன்னார். வீட்டில் சுவரை விட்டால் வேறு ஆள் இல்லை. மனைவி ஆயிஷா பீவி மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் அர்ஷியா திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஹம்தானோ போனவன் போனவன்தான். ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று அவனைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. ஆனால் தான் சார்ஜாவில் இருந்த காலத்தில் மனைவியின் பிரசவத்துக்கும் வராமல், மகனின் சுன்னத்துக்கும் வராமல் பெட்டி மட்டும் அனுப்பிய மனிதர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்?

பெட்டி வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பெட்டியைத் தனியாக யாரும் பிரிப்பதில்லை. வீடு நிறைய ஆள் கூட வேண்டும், கயிறு அறுக்கும்போது பிள்ளைகள் மேலே ஏறி விழ வேண்டும், பக்கத்து வீட்டுக்குச் சோப்பு, எதிர்வீட்டுக்குத் தைலம் என்று பங்கு போக வேண்டும். அதனால் அவர் மகளுக்காகக் காத்திருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா வர்றேன்த்தா. புள்ளைங்களுக்குப் பரீச்சை, ஒரே பேஜாரா கீது" என்று அத்தாவிடம் போனில் சொன்னாள் அர்ஷியா.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, அவள் வரவில்லை. பெட்டி கூடத்தில் கிடந்தது. அதன்மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு அவர் போனைப் பார்த்தார்.

"பெட்டி பிரிச்சீங்களாத்தா?" என்று ஹம்தான் போனில் கேட்டான்.

"பிரிச்சேன்டா. எல்லாம் நல்லாக் கீது."

அதற்குமேல் அவன் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, தொழுகைக்கு நேரமாச்சு எனச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

முதல் கலம் போய்ச் சேர்ந்ததை அவர் தவறவிட்டிருந்தார். அடுத்த கலம் நிலையத்தைப் போய்ச் சேர்ந்த அன்று அவர் சோறு ஆக்கவில்லை. அங்கே கதவு திறந்தது. நிலையத்தில் நாட்டுக்கு ஒருவராக இருந்தவர்கள் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு மிதந்தார்கள். முதல் பையிலிருந்து ஒருவன் ஆப்பிளை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். பிறகு கீழே, பூமியில், அதை அனுப்பியவர்களைக் காட்டினார்கள். அவர்கள் திரையில் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்பினவன் பாக்குறான்" என்றார் அமீர் பாட்சா. தான் அனுப்பிய ஒரு பெட்டியையாவது பிரிக்கும்போது அவர் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. காலியானதும் கலத்தில் குப்பையை ஏற்றிக் கழற்றிவிடுவார்கள், அது வழியிலேயே எரிந்துபோகும் என்று யாரோ சொல்லத் தொடங்கியதும் எரிச்சலோடு போனை அணைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வந்து, மகனுக்கு வீடியோ கால் போட்டுப் போனைச் சொம்பில் சாய்த்து வைத்தார்.

"ஹம்தானு, பெட்டி பிரிக்கப் போறேன், பாரு."

"அன்னிக்கே பிரிச்சேன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்டா."

கயிற்றை அறுத்தார். பால் பவுடர், சோப்பு, தைலம், கம்பளி. எல்லாமே பாண்டிச்சேரி கடைகளில் கிடைக்கிற சாமான்தான். ஆனாலும் ஒவ்வொன்றையும் எடுத்து மகனுக்கு நேரே தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சட்டை இருந்தது. போட்டுப் பார்த்தார். தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கியது. சட்டென்று கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அளவு சரியா கீதுடா" என்றார்.

ஹம்தான் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான்.

"மடிச்சத எறக்கி விடுங்கத்தா."

இறக்கினார். விரல் நுனி மட்டும் தெரிந்தது. மகன் விட்டுப்போன உடம்பில் பாதிதான் இப்போது இருந்தது.

"நானும் அப்டித்தான் சொல்லுவேன்" என்றான் ஹம்தான். "நீங்க அனுப்புன சட்டை ஒண்ணுகூட எனக்குப் பத்தினதில்லத்தா. சரியா கீதுன்னு அம்மாதான் சொல்லச் சொல்லும்."

அமீர் பாட்சாவின் நெஞ்சுக்குள், தான் அனுப்பிய சட்டையில் பெருநாள் தொழுகைக்குப் போகும் பையன் ஒருவன் இத்தனை வருஷமாக இருந்தான். அப்படி ஒரு பையன் இருந்ததே இல்லை. அது அவருக்கு வலித்தது. வலித்த பிறகுதான் வாய் திறந்தது.

"ஒரு தடவ வந்து அளவு எடுத்துக்கினு போடா."

ஹம்தான் தலையாட்டினான். வருகிறேன் என்று ஆட்டினானா, சும்மா ஆட்டினானா, தெரியவில்லை. அறையில் அவனை யாரோ கூப்பிட்டார்கள், படம் அணைந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அதே சட்டையில் கிளம்பினார். தெருமுனையில் தையல்கடை ராயப்பன் பார்த்துவிட்டு, "என்னாங்க பாய், சட்டை தொளதொளன்னு கீது? குடுங்க, புடிச்சித் தர்றேன்" என்றார்.

"வேணாம்பா" என்றார் அமீர் பாட்சா. "எம்மவன் வந்து பாக்கட்டும்."